ராஸ் மீனுக்கு என்ன ஆச்சு? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கடல்நீர்த் தொட்டியில் ராஸ் மீன் வளர்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. அதன் இயல்பான பழக்கங்களே பார்ப்பவருக்கு நோய் மாதிரித் தெரியும். மணலுக்குள் புதைந்துகொள்ளும், பாறை இடுக்கில் சாய்ந்து கிடக்கும், தன்னைச் சுற்றிச் சளியால் உறை கட்டிக்கொள்ளும், கண்முன்னே நிறம் மாறும். இதைப் பார்த்துப் பதறி, தொட்டிக்குள் கையை விட்டுக் கிளறுவதும் மருந்து பாட்டிலைத் திறப்பதும்தான் பல நேரம் நல்ல மீனைக் கெடுக்கிறது. நிஜமான ஆபத்துகளோ அலட்டிக்கொள்ளாமல் வரும். மூடாத மேல்பக்கம், ஒட்டிப்போன வயிறு, கொஞ்சம் வேகம் கூடிய செவுள் ஆகியவை யார் கண்ணிலும் சட்டென்று படுவதில்லை.

அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியானாலும் சரி, கை நனைவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த வகை ராஸ், இப்போது அதற்குப் பகலா இரவா, செவுள் எவ்வளவு வேகமாக அடிக்கிறது.

முதலில் வகை

ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இரண்டு மீட்டர் வரை வளரும் நெப்போலியன் ராஸும் இதே குடும்பம்தான். வீட்டு ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு வரும் சின்ன, வண்ணமயமான ராஸ்களை எங்கே தூங்குகின்றன என்பதை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாறையில் தூங்குபவை: சிக்ஸ்லைன், பாஸம் ராஸ், ஃபேரி ராஸ், ஃப்ளாஷர் ராஸ். இவற்றுக்கு மணல் கட்டாயமில்லை. ஒளிந்துகொள்ள இடுக்குள்ள பாறை வேண்டும்.

மணலில் தூங்குபவை: மஞ்சள் கோரிஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஹாலிகோரிஸ் க்ரைஸஸ், மெலனூரஸ், லெப்பர்ட் ராஸ். இவற்றுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நுண்மணல் வேண்டும். நொறுக்கிய பவளத்துண்டுகள் போட்ட தொட்டியில் இவை புதையும்போது உடம்பெல்லாம் சிராய்ப்பாகும். வெறும் கண்ணாடித் தரை என்றால் அதிலேயே முட்டி முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். வாங்கி வரும் பிளாஸ்டிக் பையிலேயே மூலையில் மூக்கை இடித்துக்கொண்டு வரும் மீன்கள் இவைதான். கடையில் வாயோரம் வெளிறியோ சிவந்தோ இருந்தால் அந்த மீனை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

மீனைக் காணோம்

மணலில் தூங்கும் வகை, புதிதாக விட்டது என்றால், காணாமல் போவதுதான் வழக்கம். விட்ட சில நொடிகளில் தலைகீழாகப் பாய்ந்து மணலுக்குள் போய்விடும். அடுத்த நாளும் வராது, அதற்கடுத்த நாளும் வராது. ஒரு வாரம் சாதாரணம். லெப்பர்ட் ராஸ் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். இதில் ஒரு கூத்து என்னவென்றால், பிடிபட்ட கடலின் பகலிரவுக் கணக்கு அதன் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் விளக்கு எரியாத நேரத்தில் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நீங்கள் வந்து உட்காரும் முன் மறுபடி படுத்துவிடும். பழைய கைபேசி ஒன்றைத் தொட்டியின் முன் வைத்து விடியற்காலையும் பின்மாலையும் பதிவு செய்து பாருங்கள். மணல்மேல் கிண்ணம்போல் ஒரு சின்னக் குழி, அதன் நடுவே மூக்கு நுனியும் தனித்தனியே உருளும் இரண்டு கண்களும் தெரிந்தால் கவலையை விடலாம். அந்தக் கண்கள் உங்களைப் பார்த்ததும் அப்படியே கீழே இறங்கிவிடும்.

தோண்டாதீர்கள். "உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்" என்று குச்சியை விட்டால், அதுவரை சேர்த்த நிதானம் அத்தனையும் போய், நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மணலைக் குழாயால் உறிஞ்சி (சைஃபன்) சுத்தம் செய்யும் வேலையையும் தள்ளிப்போடுங்கள்.

பழகிய மணல் ராஸ், விளக்கு அணைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே படுக்கப் போய்விட்டதா? அதுவும் இயல்புதான். கடிகாரம் வைத்தாற்போல் தினமும் ஒரே நேரத்தில் போகும். அந்த நேரம் திடீரென்று மாறினால்தான் கேள்வி கேட்க வேண்டும்: புதிய மீன் ஏதாவது மிரட்டுகிறதா, விளக்கின் நேரத்தை மாற்றினீர்களா?

பாறையில் தூங்கும் வகை புதிதாக விட்டதும் இரண்டு மூன்று நாள் தலைகாட்டாமல் இருக்கலாம். ஃபேரி ராஸ்களில் பல ஆழமான, மங்கலான நீரிலிருந்து வருபவை. முதல் சில நாள் விளக்கைக் குறைத்து வைத்தால் சீக்கிரம் வெளியே வரும். பாஸம் ராஸ் என்றால் அதன் சுபாவமே அப்படித்தான். பாறை நிழலிலேயே வாழும், எப்போதாவது ஒரு கோடு நகர்வதைப் பார்ப்பீர்கள். அது தெரிந்து வாங்குகிறவருக்கு அருமையான மீன். காட்சிக்கு வாங்குகிறவருக்கு ஏமாற்றம்.

எல்லாவற்றிலும் மோசமானது, மாதக் கணக்கில் பழகி, உணவு நேரத்தில் தவறாமல் வந்த மீன் ஒருநாள் வராதது. அப்போது தேடும் இடம் தொட்டிக்கு வெளியிலிருந்து தொடங்க வேண்டும். தரை, ஸ்டாண்டின் பின்பக்கம், சுவரோரம், வயர்கள் குவிந்த மூலை. அடுத்து மேல்நீர் வழிந்திறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, அதன் பின் கீழே உள்ள சம்ப் தொட்டி, வடிகட்டித் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸ், நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்பின் வாய். ஓவர்ஃப்ளோவுக்குள் விழுந்த ராஸ் அங்கேயே நாட்கணக்கில் உயிரோடு இருந்த கதைகள் நிறைய உண்டு. ஆகவே டார்ச் அடித்துப் பார்க்காமல் கைவிடாதீர்கள். பாறைக்குள் செத்திருந்தால் உடல் கிடைக்காமலே போகலாம். இந்தச் சைஸ் மீனை ஹெர்மிட் நண்டும் பிரிசில் புழுவும் ஓரிரவில் தின்று தீர்த்துவிடும்.

செத்தது போல் கிடக்கிறது

இரவில் பார்த்தீர்களா, பகலில் பார்த்தீர்களா? இதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரவில் டார்ச் அடித்தபோது பாறை இடுக்கில் சாய்ந்து, நிறம் வெளுத்து, சுற்றிலும் கண்ணாடிபோல் ஒரு சவ்வும் அதில் சில தூசுத் துகள்களும் தெரிந்தால், மீன் தூங்குகிறது. அந்தச் சவ்வு அதன் வாயும் செவுளும் சுரக்கும் சளி உறை. உறவுக்கார மீனான கிளிமீனிலும் இதே உறை உண்டு. அதை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், உறையை அகற்றிய மீன்களை இரவில் ரத்தம் குடிக்கும் நேத்தியிட் என்ற ஒட்டுண்ணிகள் கூடுதலாகக் கடித்தது தெரியவந்தது. மீனுக்கு அது கொசுவலை. காலையில் கிழிந்த சளித்துண்டு மிதப்பதைப் பார்த்து "தோல் உரிகிறது" என்று பயப்பட வேண்டாம்.

டார்ச்சைச் சட்டென்று முகத்தில் அடிக்காதீர்கள். திடுக்கிட்டு எழும் ராஸ் மேலே குதிக்கும், அல்லது மூடியில் மோதும். சிவப்பு வெளிச்சம் நல்லது.

பகலில் தரையில் சாய்ந்து கிடப்பது வேறு கதை. தொட்டியில் விட்ட சில நிமிடங்களிலோ நன்னீர்க் குளியலின்போதோ என்றால் பொறுக்கலாம். ராஸ்கள் மிரண்டால் செத்தது போல் நடிப்பதில் கெட்டிக்காரர்கள். வேறெந்த நேரமானாலும் உடனே செவுளைப் பாருங்கள், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

மூச்சு வாங்குகிறது

இந்தப் பட்டியலில் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாத அறிகுறி இதுதான்.

மீன் நலமாக இருக்கும் ஒரு நாளில், அது சும்மா மிதக்கும் நேரத்தில், 30 நொடிக்குச் செவுள் மூடி எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணி எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனத்துக்கு இனம், அளவுக்கு அளவு இது மாறும். ஆகவே யாரோ சொன்ன எண்ணைவிட உங்கள் மீனின் எண்தான் உதவும். துரத்தல் முடிந்த கையோடும் உணவு நேரத்திலும் எண்ணாதீர்கள்.

எல்லா மீனும் வேகமாக மூச்சு வாங்கினால் நோயைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். மின்சாரம் போய்ப் பம்ப் நின்றதா? கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் அணைந்துள்ளதா? வெப்பநிலை 30 டிகிரியைத் தொட்டுவிட்டதா? சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். சயனோ பாக்டீரியாப் படலத்துக்கு மருந்து போட்டீர்களா, நீரின் கழிவுச் சத்தைக் குறைக்க ஊற்றும் வோட்கா அல்லது வினிகரில் கை தாராளமாகிவிட்டதா? அப்போது பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் லேசாகப் பால் கலந்தது போல் இருப்பதே அதற்கு அடையாளம். பவர்ஹெட்டை மேல்பரப்பு நன்றாகக் கலங்கும்படி திருப்புங்கள், ஏர் ஸ்டோன் போடுங்கள், அமோனியா பாருங்கள். அமோனியா பூஜ்யம் இல்லையென்றால், அதே உப்பும் அதே சூடும் உள்ள தண்ணீரால் பெரிய அளவில் மாற்றுங்கள். விடியற்காலையில் மட்டும் மூச்சு வாங்கி, விளக்கு எரிந்த பிறகு சரியாகிறதென்றால் இரவு ஆக்சிஜன் பற்றவில்லை. இறுக்கமான கண்ணாடி மூடி போட்ட தொட்டிகளில் இது சகஜம்.

ராஸ் மட்டும் மூச்சு வாங்கினால் செவுளில் ஏதோ இருக்கிறது. அதுவும் ஒரு பக்கச் செவுளை மட்டும் அடித்துக்கொண்டு, பவர்ஹெட்டின் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றால், வெல்வெட் நோய் என்று சந்தேகித்தே ஆக வேண்டும். அமைலூடினியம் என்ற இந்த ஒட்டுண்ணி பல நேரம் முதலில் செவுளைப் பிடிக்கும். தோலில் எதுவும் தெரியும் முன்பே மீன் போய்விடலாம். தோலில் தெரியும்போது பொன்னிறத் தூசு படிந்தது போல், சாய்வான வெளிச்சத்தில் மட்டும் தெரியும். வெல்வெட்டில் அவகாசம் நாள் கணக்கில்தான், வாரக் கணக்கில் இல்லை. அன்றே மீனை எடுத்துத் தனித் தொட்டியில் செம்பு அல்லது குளோரோகுயின் சிகிச்சை தொடங்க வேண்டும்.

செம்பு மருந்து பற்றி ஒரு வார்த்தை. ரீஃப் தொட்டியில் ஒரு துளிகூடப் போடக்கூடாது. பவளம், இறால், நத்தை எல்லாம் போகும். தனித் தொட்டியிலும் ராஸ்களுக்கு ஒரேயடியாக முழு அளவு கொடுக்காமல் சில நாள்களில் படிப்படியாக ஏற்றுங்கள். நீங்கள் வாங்கிய செம்பு மருந்தின் வகைக்கான சோதனைக் கிட் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். மணல் ராஸுக்குப் புதைய இடம் வேண்டுமே என்று வழக்கமான பவள மணலைக் கிண்ணத்தில் வைத்தால் அது செம்பை உறிஞ்சி அளவைக் குழப்பும். சிலிக்கா மணல் வையுங்கள்.

வெள்ளைப் புள்ளி, உரசல்

உப்புக்கல் தூவியது போல் எண்ணக்கூடிய அளவில் புள்ளிகள், மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால் பெரும்பாலும் மரைன் இக் என்ற வெள்ளைப்புள்ளி நோய். காரணம் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. மீன்மேல் சில நாள் இருந்துவிட்டுக் கீழே விழும், பாறையிலும் மணலிலும் கூடு கட்டும், பிறகு பொரிந்து மறுபடி மீனைத் தேடும். இடையில் புள்ளிகள் மறைந்ததும் "பூண்டு கொடுத்தேன், சரியாகிவிட்டது" என்று சொல்பவர்கள் இந்த இடைவேளையைத்தான் குணம் என்று நினைக்கிறார்கள். கூடு 72 நாள் வரைகூடத் தாமதித்துப் பொரிந்தது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் மீன் இல்லாமல் தொட்டியை 76 நாள் விடச் சொல்வது.

எல்லா மீனையும் பிடிக்க முடியாத தொட்டியில் என்ன செய்வது? நேர்மையாகச் சொன்னால், இக்கை ஒழிக்க முடியாது; நல்ல உணவும் சண்டையில்லாத சூழலும் நீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் யூ.வி. விளக்கும் வைத்துச் சமாளிக்கலாம். பழகிய சிக்ஸ்லைன் இதில் பல நேரம் தேறிவிடும். புதிதாக வந்து மெலிந்த ஃபேரி ராஸ் தேறாது.

புள்ளியே இல்லாமல் பாறையில் பக்கவாட்டைத் தேய்த்துக்கொண்டு, கண் லேசாகக் கலங்கியிருந்தால் தட்டைப்புழு ஒட்டுண்ணி இருக்கலாம். இவை மீன்மேல் இருக்கும்போது ஒளி ஊடுருவும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாத்திரத்தில் அதே வெப்பமும் அதே பி.எச்.சும் உள்ள, குளோரின் இல்லாத நன்னீரில், காற்று விட்டுக்கொண்டு, ஐந்து நிமிடம் மீனை வையுங்கள். புழு இருந்தால் வெளுத்து, நீள்வட்டச் செதில்களாகப் பாத்திரத்தின் அடியில் விழும். இது நோயைக் காட்டும், புழுக்களின் எண்ணிக்கையையும் குறைக்கும். ஆனால் முழுத் தீர்வில்லை. அதற்குத் தனித் தொட்டியில் பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து வேண்டும், முட்டைகள் பொரியும் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் வேண்டும். அந்த மருந்துக் காலத்தில் ராஸ்கள் சில பசி இழக்கும். ஏர் ஸ்டோனை நிறுத்தாதீர்கள்.

எல்லா உரசலும் நோயல்ல. இரை தேடும் ராஸ் பாறையருகே உடம்பைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உற்றுப்பார்க்கும், சட்டென்று கொத்தும். தொடாமல் சாய்கிறதா, தேய்த்துவிட்டுத் துள்ளி ஓடுகிறதா என்று கவனித்தால் வித்தியாசம் தெரியும்.

சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டும் வயிறு ஒட்டியிருக்கிறது

ராஸ்கள் நாளெல்லாம் கொறிப்பவை. கடலில் விடிந்தது முதல் இருட்டும் வரை ஒவ்வொரு அங்குலமாகத் தேடிச் சின்னஞ்சிறு உயிர்களைப் பொறுக்குகிற மீனுக்கு, தொட்டியில் இரவு எட்டு மணிக்கு ஒருவேளைச் சோறு போட்டால் உடம்பு தாங்காது. மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஒரு மி.மீ.க்குக் குறைவான மணிகள் போடும் தானியங்கி ஃபீடர் இந்த மீனுக்கு ஆடம்பரம் இல்லை.

பட்டினியைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. மீன் உங்களை நோக்கித் திரும்பும்போது தலைக்குப் பின்னால் பாருங்கள். தலை அகலமாகவும் முதுகுச் சதை கத்தி முனைபோல் ஒடுங்கியும் இருந்தால் இருப்பு கரைந்துவிட்டது. வயிறு மட்டும் உள்வாங்கியிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது.

புதிய மீன் எதையும் தொடவில்லை என்றால் முதலில் உணவின் அளவைப் பாருங்கள். ஃப்ளாஷர் ராஸின் வாய் சின்னது. இறால் போன்ற சின்ன உயிரான மைசிஸ் முழுதாக அதற்குப் பெரிது. உறைந்த மைசிஸை உருக்கி, கழுவி, கத்தியால் பொடியாக்குங்கள். அடுத்து இடம். ஃபேரியும் ஃப்ளாஷரும் நடுநீரில் மிதந்து வருவதைப் பொறுக்குபவை. தரையில் விழுந்ததைச் சீந்தாது. பிபெட்டில் எடுத்து, நீரோட்டத்தின் மேல்பக்கம் விட்டு, மீனைக் கடந்து மிதந்து போகும்படி செய்யுங்கள். லெப்பர்ட் ராஸுக்கு நேர் எதிர்: பாறை மேற்பரப்பில் ஒட்டியிருப்பதைத்தான் கொத்தும், கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்கள் பெருகிய, வயதான பாறைகள் உள்ள தொட்டி இல்லாமல் அதை வாங்குவது வீண். இரண்டும் பலிக்காவிட்டால், பொரித்த அன்றே எடுத்த ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சுகளை உயிரோடு விடுங்கள். அசையும் இரை பெரும்பாலும் வழிக்குக் கொண்டுவரும். கொத்தத் தொடங்கியதும் அதோடு கலனஸ் என்ற கடல் கோப்பிபாட், பொடித்த மைசிஸ் என்று கலந்து மாற்றிக்கொண்டு போகலாம். வளர்ந்த ஆர்ட்டீமியாவை மட்டும் மாதக் கணக்கில் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர்தான், சத்தூட்டினால்தான் பயன்.

உணவு சரி, இடமும் சரி, மீன் ஆவலாக வருகிறது, ஆனால் வாயில் போட்டுத் துப்புகிறதா? வாய்ப்புண் இருக்கும். பையிலோ கண்ணாடியிலோ இடித்ததுதான் வழக்கமான காரணம். மென்மையான, பொடியான உணவு கொடுத்துக் காத்திருங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் கழிவைக் கவனியுங்கள். இறைச்சி உணவு தின்கிற மீனின் கழிவு தின்றதன் நிறத்தில் இருக்கும். வெண்மையாக, நூலாக, அறுபடாமல் தொங்கினால், அதுவும் தொடர்ந்து பல நாள் அப்படியே என்றால், குடல் ஒட்டுண்ணி. மெட்ரோனிடசோல் என்ற மருந்தை உணவில் கலந்து கொடுப்பது வழக்கம். தண்ணீரில் ஊற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது. ஒரே ஒருநாள் வெள்ளையாகப் போனதற்கு மருந்து வேண்டாம், காலியான குடலும் அப்படித்தான் காட்டும்.

மற்ற மீன்களைத் துரத்துகிறது

சிக்ஸ்லைன் வைத்திருப்பவர்கள் நேராக இந்தப் பகுதிக்குத்தான் வந்திருப்பீர்கள்.

சிக்ஸ்லைனின் அறிவியல் பெயர் சூடோகைலினஸ் ஹெக்சடேனியா. 1857-இல் பிளீக்கர் என்ற மீனியலாளர் விவரித்த இனம். செங்கடலிலிருந்து நடுப் பசிபிக் வரை பவள இடுக்குகளில் வாழ்கிறது. பத்து செ.மீ.கூட முழுதாக வளராது. "சின்னத் தொட்டிக்கு ஏற்ற மீன்" என்று விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொட்டி சின்னதாக ஆக ஆக மொத்தத் தொட்டியும் அதன் எல்லையாகிவிடும். குட்டியாக இருக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும். வளர்ந்து, இடம் பிடித்துவிட்ட பிறகு நீங்கள் விடும் ஒவ்வொரு புதிய மீனும் அதன் கணக்கில் அத்துமீறல்தான். குறிப்பாக நீளமான உடம்புள்ள, அதே அளவுள்ள மீன்கள்: மற்ற ராஸ்கள், கோபி, டார்ட்ஃபிஷ், சின்ன பேஸ்லெட்.

சிக்ஸ்லைன் இன்னும் வரவில்லை என்றால் வழி எளிது: அதைக் கடைசியாக விடுங்கள். ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், துளையிட்ட ஒளிபுகும் பெட்டியில் புதிய மீனை வைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடுங்கள். முதலில் சிக்ஸ்லைன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரும், துடுப்பை விரிக்கும், கண்ணாடியில் மோதும். அது பெட்டியை மறந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகே திறக்க வேண்டும். திறக்கும் நாளில் பாறைகள் சிலவற்றை இடம் மாற்றினால் அதன் எல்லைக் கணக்கும் குழம்பும். விளக்கு அணையும் நேரத்தில் திறங்கள்.

வெளிக் கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி வைத்து, பழைய மீனின் கோபத்தை அதன் பிம்பத்தின் பக்கம் திருப்பும் தந்திரமும் உண்டு. வேலை செய்கிறது, ஆனால் நாள் முழுக்க வைக்காமல், புதிய மீன் சுற்றிவரும் சில மணி நேரம் மட்டும் வையுங்கள். கிளீனர் ராஸ் தன் பிம்பத்தைப் பார்த்துத் தன் உடம்பிலிருந்த குறியைத் தேய்த்துப் போக்க முயன்றதாக 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்து பெரிய விவாதமே நடந்தது. சிக்ஸ்லைன் அந்த அளவுக்குத் தத்துவம் பார்ப்பதில்லை, எதிரில் இருப்பவனை அடிக்கப் போகிறது.

துரத்துவது வேறு, வேட்டையாடுவது வேறு. நெருங்கும்போது விரட்டிவிட்டு, விலகியதும் விட்டுவிட்டால் சில நாள் பொறுக்கலாம். தொட்டியின் மறுகோடி வரை தேடிப்போய்க் கொத்தினால், அடிபடும் மீனின் துடுப்பு கிழிந்திருந்தால், அது சாப்பிட வெளியே வரவே பயந்தால், யாராவது ஒருவர் வெளியேற வேண்டும். சிக்ஸ்லைனை வலையால் பிடிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். ஒளிபுகும் பொறிப்பெட்டியைக் கதவு திறந்தபடி சில நாள் உள்ளே வைத்து, உணவு அங்கே மட்டும்தான் என்று பழக்குங்கள். ஒருநாள் பட்டினி போட்டு, மறுநாள் கதவை இழுங்கள். இன்னொரு வழி, இரவில் அது எந்தப் பாறையில் தூங்குகிறது என்று பார்த்துவைத்து, அந்தப் பாறையை மீனோடு சேர்த்து வாளிக்குள் எடுப்பது.

உங்கள் ராஸ் அடிவாங்கும் பக்கம் என்றால், மேல் மூலையில் அசையாமல் நிற்கும். ஃபேரி, ஃப்ளாஷர், பாஸம் ஆகியவை இப்படி ஒடுங்கும். பெட்டிக்குள் போட வேண்டியது அடிக்கிறவனை, அடிவாங்குகிறவனை அல்ல. அடிக்கிற மீன் ஒரு வாரம் பெட்டியில் இருந்தால் மற்றது இடம் பிடித்துக்கொள்ளும்.

ஆண் ஃப்ளாஷர் திடீரென்று துடுப்புகளை விரித்து, மின்னலடித்தது போல் நிறம் ஏறி, பெண்களை உரசிக்கொண்டு பாய்ந்தால் அது சண்டையல்ல, பெண்களைக் கவரும் ஆட்டம். சாயங்காலங்களில் பாருங்கள்.

நிறம் மங்குகிறது

காலையில் எழுந்ததும், பயந்ததும், தூங்கப்போகும்போதும் வெளுப்பது இயல்பு. வாரக்கணக்கில் மங்கினால் உணவு முதல் சந்தேகம். செந்நிறமும் மஞ்சளும் பெரும்பாலும் உணவில் வரும் கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் நிற்பவை. கலனஸ், கோப்பிபாட், நல்ல மணியுணவு சேர்த்தால் திரும்பும்.

ஃபேரி, ஃப்ளாஷர் ஆண்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. பெரும்பாலான ராஸ்கள் பெண்ணாக இருந்து ஆணாக மாறுபவை. கூட்டத்தின் ஆண் போய்விட்டால் பெரிய பெண் அந்த இடத்துக்கு ஏறும். ஆணின் பகட்டு நிறம் முழுக்க முழுக்கப் பார்வையாளர்களுக்காக. தனியாக வைத்த ஆண், மாதங்கள் போகப் போகப் பகட்டைக் குறைத்துக்கொள்ளும். அதே இனப் பெண்களோடு, அல்லது சண்டை போடாத வேறு ஃப்ளாஷர் இனத்தோடு வைத்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளும். நிறத்துக்கு ஆசைப்பட்டு ஒரே இனத்தில் இரண்டு ஆண்களை மட்டும் போடாதீர்கள். பெண்களை வாங்கினால் ஒன்று தானாக ஆணாகும். சில வாரங்கள் பொறுக்க வேண்டும், அந்த மாற்றத்தைப் பார்ப்பதே இந்த மீனை வைத்திருப்பதில் பெரிய சுவாரஸ்யம் என்பேன்.

நீந்துவது கோணலாக இருக்கிறது

ராஸ் சாதாரணமாக மார்புத் துடுப்பை அடித்துத்தான் நீந்தும். வாலை அவசரத்துக்கு மட்டும் எடுக்கும். உலாவும்போதே வாலை விடாமல் ஆட்டினால், அல்லது ஆட்டம் நின்றதும் தலைகீழாக மேலே மிதந்தால், மிதப்பைச் சமன்செய்யும் காற்றுப்பையான நீந்துபையில் பாதிப்பு. ஆழத்தில் பிடித்து வேகமாக மேலே கொண்டுவந்த மீன்களில் இதைப் பார்க்கலாம். வாங்கும்போது கடையில் கவனிக்க வேண்டிய விஷயம் இது. வீட்டுக்கு வந்த பிறகு அமைதியான தனித் தொட்டியும் காத்திருப்பும்தான் உள்ளன. சில தேறும், பல தேறாது.

நேற்று வரை நேராக நீந்திய மீனின் முதுகு இன்று வளைந்திருந்தால், இரவில் மூடியிலோ கண்ணாடியிலோ மோதியிருக்கும். பின்பாதியை இழுத்துக்கொண்டு நீந்தினாலும் உணவுக்கு வருகிறதென்றால் விட்டுவைக்கலாம்.

வெளியே குதித்துவிட்டது

தரையில் கிடக்கும் மீனின் கண்ணும் உடம்பும் ஈரமாக இருந்தால், செவுள் அசையாவிட்டாலும், நனைந்த கையால் எடுத்துத் தொட்டி நீரில், மிதமான ஓட்டத்தில் பிடியுங்கள். பிழைத்துக்கொண்டால் தோல் சிராய்ப்பில் தொற்று வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

இது மறுபடி நடக்காமலிருக்க ஒரே வழி மூடி. முழுக் கண்ணாடி வேண்டாம், 6 மி.மீ. கண்ணுள்ள ஒளிபுகும் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் காற்றும் வெளிச்சமும் போகும், மீன் போகாது. "என் மீன் குதித்ததே இல்லை" என்பவர்களின் தொட்டியில் அது இன்னும் குதிக்கவில்லை, அவ்வளவுதான். ஓவர்ஃப்ளோ மூலை, ஹீட்டர் வயர் போகும் வெட்டு, ஃபீடருக்கு விட்ட ஓட்டை: ராஸ் கண்டுபிடிப்பது இவற்றைத்தான். விளக்கு ஒரேயடியாக அணைவதும் குதிக்க வைக்கும். அரை மணி நேரம் மங்கி அணையும்படி வையுங்கள்.

நத்தையும் இறாலும் குறைகின்றன

சிக்ஸ்லைன், ஃபேரி, ஃப்ளாஷர், பாஸம் ஆகியவை பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல; மிகச் சின்ன செக்ஸி இறால் மட்டும் சிக்ஸ்லைனிடம் சந்தேகத்துக்குரியது. மஞ்சள் கோரிஸ், மெலனூரஸ் போன்ற ஹாலிகோரிஸ்கள் வளர்ந்த பிறகு சின்ன நத்தை, விசிறிப் புழு, தோலுரித்த இறால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும். அதே வாய்தான் கிளிஞ்சலை உறிஞ்சும் பிரமிட் நத்தையையும் பவளத்தின்மேல் படரும் தட்டைப்புழுவையும் பொறுக்கித் தின்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விலக்கச் சொல்ல முடியாது. கோப்பிபாட்டையே நம்பியிருக்கும் மாண்டரின் மீன் தொட்டியில் இருந்தால், ராஸ் வந்த பின் அதன் வயிற்றையும் சேர்த்துக் கவனியுங்கள். இருவருக்கும் ஒரே சாப்பாடு. ராஸ்தான் வேகமாகத் தின்னும்.